ஒழுங்காக வந்த பதில்கள்

அடுத்த மாதம் அருப்புக்கோட்டை அலுவலகத்தில் களப்பணியாளர்களாகச் சேரப்போகும் உங்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நின்று பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதுவதென்றால் நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

மாதிரி வீடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, ஊரில் இல்லாதவரைக் குடும்பக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். திருச்சுழிப் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள், திரும்பி வருகிறார்களா. நம் ஆய்வு மொத்தமும் இந்த நாலு கேள்விதான். ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே விலகிவிட்டேன். அதற்கான காரணத்தையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விதியைப் பற்றி. ஆய்வில் சேர ஒருவர் சம்மதம் தரும்போது நாம் ஒரு வாக்குக் கொடுக்கிறோம்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை யாரிடமும் சொல்லமாட்டோம், உங்கள் வீட்டாரிடமும் சொல்லமாட்டோம். புதிதாக வருபவர்களுக்கு இது கல்நெஞ்சு வேலையாகத் தோன்றும். பிள்ளை எங்கே என்று ஒரு தாய் கேட்டால் சொல்வதில் என்ன குற்றம் என்று எனக்கும் தோன்றியது. நான் சேர்ந்த புதிதில் எங்களோடு வேலை பார்த்த ஒருவரிடம் ஒரு பெண்ணின் அண்ணன் வந்து அழுதான். அம்மா சாகக் கிடக்கிறாள், தங்கச்சியை ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறாள் என்று சொன்னான். அந்தப் பெண் வேறு சாதிப் பையனோடு திருப்பூருக்குப் போயிருந்தாள். நம் ஆள் மனம் இளகித் தெருப் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றில் அந்தத் திருப்பூர் முகவரிக்கு நாங்கள் போகவில்லை. பதில் சொல்ல அங்கே யாரும் உயிரோடு இல்லை.

இந்த ஆய்வை நடத்தும் எங்கள் பேராசிரியர் அம்மா அதற்குப் பிறகு அந்த விதியை யாருக்காகவும் தளர்த்தியதில்லை. அவர் சரியாகத்தான் செய்தார். இனி நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு விதி தப்பு என்று நீங்கள் முடிவு கட்டிவிடக்கூடாது என்பதற்காக இதை முன்னால் வைக்கிறேன்.

நம் பக்கத்து ஊர்களில் ஆண்டு முழுவதும் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். கொட்டு அடித்துப் பொங்கல் சாட்டிவிட்டால், அதாவது ஊருக்கு அறிவித்துவிட்டால், ஊர்க்காரர்கள் யாரும் எல்லை தாண்டி வெளியே ராத்தங்கக்கூடாது. அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது, பொங்கல் முடியும்வரை ஊருக்குள்தான் இருக்க வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர், ஆந்திரா என்று போனவர்கள் சாட்டுக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவார்கள். ஊரைவிட்டுப் போவதே பிழைப்பாகிவிட்ட ஊரில், யாரும் எங்கேயும் போகக்கூடாத வாரம் அது. நமக்கு அதுதான் அறுவடைக் காலம். சாட்டு அன்றைக்கே ஊருக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம்.

"ஏலே, கணக்கெடுக்கிறவுக வந்துட்டாக, ஓடியா!" என்று யாராவது கத்துவார்கள். "வருசா வருசம் கேக்குறீகளே, அதே வீடு, அதே பொண்டாட்டிதான் தாயி. மாத்த முடிஞ்சா மாத்திட்டுச் சொல்லிவிடுறேன்" என்பார் ஒரு பெரியவர். நீங்களும் இதையெல்லாம் கேட்பீர்கள். சிரியுங்கள். அவர்கள் நம்மைச் சகித்துக்கொள்வதற்கு நாம் கொடுக்கும் கூலி அது ஒன்றுதான்.

அப்படி ஓர் ஊரில்தான் முனியசாமியைச் சேர்த்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஆள் பெயரும் நான் வைத்ததுதான். முப்பத்தைந்து வயதிருக்கும். மிளகாயும் குதிரைவாலியும் விதைத்து, மழை ஏமாற்றிய வருசம் ஆந்திராவில் ஒரு முறுக்கு கம்பெனிக்குப் போனவர். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அடுப்பு வைத்து, நம் பக்கத்து ஆட்களையே கூட்டிக்கொண்டு போய் முறுக்குப் பிழிந்து கடைகளுக்குப் போடுவார். மாவு பிசைவது ஒருவர், பிழிவது ஒருவர், எண்ணெய்ச் சட்டியில் நிற்பது ஒருவர். முனியசாமி சட்டியில் நின்றார்.

புதிய ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் ஒரு போன் கொடுத்தோம். அது இருக்கும் இடம் பேராசிரியரின் கணினியில் மட்டும் ஒரு புள்ளியாகத் தெரியும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலையில், கணினியே அவர்களை அழைக்கும். இருந்த இடத்திலேயே இருந்தால் ஒன்றை அழுத்துங்கள், ஊர் மாறியிருந்தால் இரண்டை அழுத்துங்கள். உடம்பு நலமென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. அந்த அழைப்பில் பேசுவது என் குரல். நம் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும் என்று என்னைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள்.

வாக்குக் கொடுக்கும் இடம் வந்தபோது முனியசாமி தன் மனைவி பாண்டிச்செல்வியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார். "நா எங்கன இருக்கேன்னு இவகிட்டக்கூடச் சொல்ல மாட்டீகளா?"

"சொல்ல மாட்டோம்."

"அப்படின்னா ரெண்டு போனாக் குடுங்க யக்கா."

"ஒரு போனுக்கே ஆளு பத்தல. போறாக பாரு ரெண்டு போனுக்கு" என்றாள் பாண்டிச்செல்வி. கூட்டம் சிரித்தது. குமாரலிங்கபுரத்தில் வரப்போகும் ஜவுளிப் பூங்கா வந்துவிட்டால் தான் வெளியூரே போகப் போவதில்லை என்றும், கேட்டில் செக்யூரிட்டியாக நின்றாவது வீட்டுச் சோறு தின்பேன் என்றும் முனியசாமி சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

போன் கொடுத்த நாளிலிருந்து முனியசாமி ஒரு தலைவலி. அவர் எதையும் அழுத்தமாட்டார். பேசுவார். "யக்கா, நல்லாருக்கீகளா? நா இங்க நல்லாத்தான் இருக்கேன். திருச்சுழிப் பக்கம் மழ பேஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அது பதிவுசெய்த குரல், உங்கள் பேச்சு அதற்குக் கேட்காது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "குரல் உங்களுதுதான? பெறகு பேசாம எப்படி யக்கா வெறும் பட்டன அமுக்கிட்டு வைக்கிறது? மரியாதையா?" என்றார். எனக்கு மிஷினு யக்கா என்றே பெயர் வைத்துவிட்டார். பேசினால் பதிவாகும், ஆனால் கணினி அதைச் செல்லாத பதில் என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கியதையெல்லாம் நான் கேட்டு, திரும்பக் கூப்பிட்டு, முறையான பதில் வாங்க வேண்டும். மழை பெய்ததா என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடமாட்டார்.

போன பங்குனியில் அந்த ஊரில் பொங்கல் சாட்டிய அன்று நான் அங்கே இருந்தேன். ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பாண்டிச்செல்வி வந்து எதிரில் குத்தவைத்தாள்.

"யக்கா, அவுக வரல."

"லீவு கிடைச்சிருக்காது."

"அக்கினிச்சட்டி எடுக்க நேந்துருக்காக. ஒரு வருசமும் தப்புனதில்ல. போன் போட்டா மொதலாளி எடுக்காரு. வேலையா இருக்கான், கடைக்குப் போயிருக்கான், தூங்குறான். மாசியிலருந்து அவுக கொரலே நா கேக்கல. ஒங்க கம்ப்யூட்டர்ல தெரியும்ல? எங்கன இருக்காகன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் கணவனின் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். கோயில் வேலையாக வந்தவர். "விடும்மா. எவளையாச்சும் சேத்துக்கிட்டுக் கெடப்பான். பசிச்சா வருவான்" என்றார். அவள் திரும்பிப் பார்த்து, "ஒங்க தம்பிய நீங்க அப்படிச் சொல்லலாம் மச்சான். நா சொல்ல மாட்டேன்" என்றாள்.

நான் விதியைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினேன். கோயில் பக்கம் கொட்டு ஆரம்பித்தது. சாட்டியாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அலுவலகத்துக்குப் போன் செய்து, முனியசாமியின் வாரப் பதில்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். அதில் விதிமீறல் ஒன்றும் இல்லை.

"அவரா? இப்ப ரொம்ப ஒழுங்கு அக்கா" என்றாள் எங்கள் தரவுப் பிரிவுப் பெண். "பேச்சே கிடையாது. ஒண்ணு, ஒண்ணு, அழுத்திட்டு வச்சிடுறாரு. நீங்க சொல்லிச் சொல்லித் திருத்திட்டீங்க."

செல்லாத பதில்கள் மட்டும்தான் என்னிடம் வரும். ஒழுங்கான பதில்களை யாரும் கேட்பதில்லை. கேட்கவும் அதில் ஒன்றும் இல்லை. அவர் பெயர் என்னிடம் வராமல் நின்றதை ஒரு தொல்லை குறைந்தது என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். பஸ் திருச்சுழியைத் தாண்டிக்கொண்டிருந்தது. வெளியே கருவேலங்காடு. என் மகனும் வெளியூரில் இருக்கிறான். அவனுடைய இயல்பு எனக்குத் தெரியும். சட்டென்று ஒரு நாள் அவன் ஒழுங்காகிவிட்டால் நான் சந்தோஷப்படமாட்டேன்.

பேராசிரியர் அம்மாவை அழைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவர் வேண்டாம் என்று ஒதுங்கி இருந்தால்? அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அந்தத் திருப்பூர்ப் பெண்ணை மறந்துவிட்டாயா?"

"மறக்கல அம்மா. ஆனா ஒதுங்குறவரு போனை அணைச்சிருப்பாரு. வாரா வாரம் எடுத்து நல்லா இருக்கேன்னு அழுத்தமாட்டாரு. இது அவரு விரல் இல்லை."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. கணினியைத் திறக்கிறார் என்று புரிந்தது. பிறகு பேசினார். "போன் தினமும் ஒரு வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் போய் வருகிறது. சட்டியில் நிற்பவருக்கு மார்க்கெட்டில் என்ன வேலை?" அடுத்ததையும் அவரே சொன்னார். "இடத்தை உனக்குச் சொல்கிறேன். மனைவியிடம் சொல்லாதே. நீ போ. அவரைக் கண்ணால் பார். வீட்டில் சொல்லலாமா என்று அவரிடமே கேள். அவர் சரி என்றால் சொல்."

என் வேலைக்காலத்தில் நான் கேட்ட மிக நல்ல உத்தரவு அது. இடத்தை மனைவியிடம் கொண்டு போவதற்குப் பதிலாக, கேள்வியை அவரிடம் கொண்டு போ. விதிக்கும் மனிதருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்போது நீங்களும் இந்த வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

மறுநாள் காலை அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் மதுரை வண்டிக்கு நின்றேன். பின்னாலிருந்து யாரோ என் பையைப் பிடித்தார்கள். பாண்டிச்செல்வி. மஞ்சள் சேலை, கையில் ஒரு துணிப்பை.

"ஒங்க ஆபீஸ்ல கேட்டேன். நீங்க வெளியூருக்குப் போறதாச் சொன்னாக. அவுகளப் பாக்கத்தான் போறீக."

"இன்னிக்கே ஊருக்குத் திரும்பிரு. சாட்டியிருக்கு."

"எல்ல தாண்டிட்டேன் யக்கா. மச்சான் மறிச்சாரு. ஊருக்குக் கெடுதி வந்தா ஒன்னத்தான் கேப்பாகன்னாரு. கேக்கட்டும்னு வந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எங்க போறோம்னு நா கேக்க மாட்டேன். நீங்க வாக்குக் குடுத்துருக்கீக. நீங்க எறங்குற எடத்துல நா எறங்குறேன். அம்புட்டுத்தான்."

இதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. அவளை அழைத்துப் போவதும் இடத்தைச் சொல்வதும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்லலாம். நான் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். மதுரையில் ஏறிய ரயிலில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை, விரதம் என்றாள். ஸ்டேஷன்களின் பெயர்ப்பலகை வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றிய விதம் அது.

இறங்கிய ஊரில், ஸ்டேஷனிலேயே பெண்கள் தங்கும் அறையில் அவளை உட்காரவைத்தேன். நான் வந்து சொல்லும்வரை நகரக்கூடாது என்றேன். வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் எங்கள் வீட்டில் தலைமுறைகளாகப் பேசும் பழைய தெலுங்கில் வழி சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இப்படித் தெலுங்கு பேசியவர்களெல்லாம் செத்து எத்தனையோ காலமாயிற்று, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அன்றைக்கு நான் கேட்ட கடைசிச் சிரிப்பு.

முறுக்கு கம்பெனி வாசலில் முதலாளி என்னைக் கண்டதும் "வாங்கக்கா, ஊர்க்காரகளா?" என்று காபி வாங்கி வரச் சொன்னார். முனியசாமி பெயரைச் சொன்னேன். முகம் மாறியது. "அவன் நல்லாத்தான் இருக்கான். லேசா எண்ண பட்டுருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டேன், அவந்தான் வரமாட்டேன்னுட்டான். சத்தியமாக்கா." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மாடிப்படி ஏறிவிட்டேன். எந்த அறை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்றம் சொன்னது.

பாயில் வாழை இலை விரித்து அதன்மேல் கிடந்தார். இடுப்புக்குக் கீழே துணி மூடியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். கண் மூடியிருந்தது. "முனியசாமி" என்றேன்.

"மிஷினு யக்காவா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார். "மழ பேஞ்சுச்சா?"

"இல்ல."

"சாட்டிட்டாகளா?"

"சாட்டிட்டாக."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேச முடிந்தது. மாசி மாதத்தில் சட்டி சரிந்து எண்ணெய் தொடையிலிருந்து கால்வரை கொட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேட்கும், ஊருக்குத் தகவல் போகும் என்று முதலாளி பயந்தார். இவருக்கும் அதே பயம்தான், காரணம் மட்டும் வேறு, வீட்டில் பதறிப்போவார்கள். ஆறிவிடும், சாட்டுக்குள் எழுந்து நடந்துவிடலாம், அக்கினிச்சட்டி எடுத்துவிடலாம் என்று நம்பியிருக்கிறார். மருந்துக் கடை ஊசி, ஏதோ களிம்பு. போனை முதலாளியிடம் கொடுத்து, "யக்கா கூப்புட்டா ஒண்ண அமுக்கிருங்க. ரெண்ட அமுக்குனா வந்துருவாக" என்று சொல்லிவைத்ததும் அவர்தான். அந்த ஒழுங்கான பதில்கள் அவர் சொல்லி அழுத்தியவை.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன். "வீட்டுல சொல்லலாமா?"

"வேணாம் யக்கா. பொங்க முடியட்டும். இப்பச் சொன்னா அவ எல்ல தாண்டி ஓடியாந்துருவா. ஊரு சும்மா விடாது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் அவ தாண்டுனதாலதாம்பாக. காலத்துக்கும் அவ தலையில ஏத்திருவாக."

தெளிவான பதில். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆட்டோவில் கால் மணி நேரத் தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று உங்களை வகுப்பில் கேட்க நினைத்திருந்தேன். எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவர் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அவர் இருக்கும் இடத்தை அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவள் இருக்கும் இடத்தை அவரிடம் சொல்லக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

"அவ தாண்டிட்டா முனியசாமி. ஸ்டேஷன்ல இருக்கா."

கண்ணைத் திறந்தார். கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. "கூட்டியாங்க" என்றார்.

அந்த ஆட்டோக்காரர்தான் அவரைத் தூக்கி இறக்கினார். அரசு மருத்துவமனை வாசலுக்குப் பாண்டிச்செல்வியை வரவழைத்தேன். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் அவள் வந்து நின்றதும் முனியசாமி கேட்டார்.

"தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன்."

"போடி கிறுக்கி."

அவள் சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "ரெண்டு போன் வேணும்னீகளே, ஒரு போன ஒழுங்கா எடுத்தீகளா?" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார்.

புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் மருத்துவர். பட்ட அன்றைக்கே வந்திருந்தால் நடந்து போயிருப்பார் என்று தெலுங்கில் சொன்னார். பாண்டிச்செல்வி என் முகத்தைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்கிறார் என்று சொன்னேன். மறுநாள் மதியம் முனியசாமி இறந்துபோனார்.

அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். கோயில் ரேடியோ சத்தம் பின்னால் கேட்டது. அவர் சத்தமில்லாத பக்கம் நடந்துபோவது தெரிந்தது. பிறகு அழுதார். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்குள்ள கொண்டாராதீகம்மா. காப்புக் கட்டிருக்கு. எறந்த சேதி தெரிஞ்சா பங்காளிக அம்புட்டுப் பேருக்கும் தீட்டு, பொங்கலே நின்டுரும். எந்தம்பிதான். நா என்னம்மா செய்வேன்?"

அவர் இறந்த ஊரிலேயே எரித்தோம். கொள்ளி வைக்க உறவில் ஆண் யாரும் இல்லை. முறுக்கு பிழியும் பையன்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். பாண்டிச்செல்வியே வைத்தாள்.

அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் அன்று தம்பியின் நேர்த்திக்கடனுக்கும் சேர்த்து அவரே அக்கினிச்சட்டி எடுத்திருக்கிறார். காப்பு அவிழ்த்த பிறகுதான் தம்பி செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னார். நல்லா இருக்கேன் என்று ஒன்றை அழுத்தியவர்கள் எண்ணிக்கையில் அவரையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தனியாக அந்தச் சட்டியோடு கோயிலைச் சுற்றி வந்தபோது அவர் உள்ளங்கை எப்படிச் சுட்டிருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

முனியசாமி சொன்னதுதான் நடந்தது. இவள் எல்லை தாண்டினாள், அதனால் அவன் செத்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எண்ணெய் கொட்டியது மாசியில், இவள் தாண்டியது பங்குனியில் என்று நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். முடிவு மாறவில்லை. அடுத்த சுற்றில் அந்த வீடு பூட்டியிருந்தது. குடும்பமே வெளியேறியது என்பதற்கான எண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

அதுதான் நான் பதிவு செய்த கடைசி வீடு. அடுத்த வாசலில் ஒரு தாய் எழுந்து வந்தாள். உங்கள் மகன் எங்கே இருக்கிறார், கடைசியாக எப்போது பேசினீர்கள் என்ற கேள்வியை எத்தனையோ ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

என் மகன் புனேயில் வேலை பார்க்கிறான். நான் கேட்டேன் என்பதற்காகத் தன் இருப்பிடம் என் போனில் தெரியும்படி வைத்திருக்கிறான். தினமும் காலையில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். நல்லா இருக்கிறேன் என்று அர்த்தம். முன்பெல்லாம் அதைப் பார்த்ததும் நிம்மதியாகச் சமையலுக்குப் போவேன். இப்போது பார்த்த உடனே கூப்பிட்டுவிடுகிறேன். "மெசேஜ் போட்டேனேம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று சலித்துக்கொள்கிறான். சலிப்பு அவனுடையதுதானா என்று கவனமாகக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன். இது ஒரு நோய் என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம்.

உங்களுக்கு நான் ஒப்படைக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

பாண்டிச்செல்வி இப்போது அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் ஒற்றை அறை ஒன்றில் இருக்கிறாள். உங்களிடம் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டேன், சரி என்றாள். பக்கத்தில் ஒரு தையல் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஊரைவிட்டு வந்தவள் என்பதால் ஆய்வில் அவளையும் சேர்த்திருக்கிறார்கள். முனியசாமியின் அதே போன்தான் அவளிடம் இருக்கிறது, வேறு வேண்டாம் என்றுவிட்டாள். சனிக்கிழமை காலையில் கணினி அவளை அழைக்கும். நான் விலகினாலும் அதில் பேசும் குரல் இன்னும் என்னுடையதுதான்.

அவள் எதையும் அழுத்தமாட்டாள். "யக்கா, நாந்தான்" என்று ஆரம்பிப்பாள். தையல் கூடத்தில் யார் யாரோடு சண்டை, வீட்டுக்காரம்மா தண்ணீருக்கு என்ன சொன்னாள், எல்லாம் வரும். சில வாரம் அழுவாள். கணினி அத்தனையையும் செல்லாத பதில் என்று உங்கள் பக்கம் தள்ளும். அழித்துவிடாதீர்கள். கடைசிவரை கேளுங்கள். பிறகு திரும்பக் கூப்பிடுங்கள். திருச்சுழிப் பக்கம் மழை பெய்ததா என்று கேட்டால் விசாரித்துச் சொல்லுங்கள்.

ஏதாவது ஒரு சனிக்கிழமை அவள் ஒன்றும் பேசாமல் ஒன்று, ஒன்று என்று ஒழுங்காக அழுத்திவிட்டு வைத்தால், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பாளையம்பட்டிக்குப் பஸ் ஏறுங்கள்.